ஒழுங்கையின் சலவைக் குறிகள்

புளியந்தீவில் எங்கள் ஒழுங்கையைப் படம் பிடிக்க இப்போது ஆட்கள் வருகிறார்கள். யுத்தம் முடிந்து, முச்சந்தியில் கிடந்த மண்மூட்டைகளை அகற்றிய பிறகு தொடங்கிய பழக்கம் இது. ஒல்லாந்தர் காலத்துச் சுவர் என்று ஒன்றைத் தடவிப் பார்க்கிறார்கள். வாவியில் பாடும் மீன் எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். போன வருடம் ஒழுங்கைப் பெரியவர்கள் ஒரு மலர் வெளியிட முடிவெடுத்து, வரலாற்றுக் கட்டுரையை என்னிடம் கேட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கம்பஸும் போனவன்.

"நீ எழுதினா வடிவா இருக்கும். ஆனா கண்டதையும் போடாத," என்றார் மலர்க் குழுத் தலைவர்.

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்கும் தெரியும், அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரியும். நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

ஒழுங்கை நீளமில்லை. பதின்மூன்று வீடுகள். ஒரு தலைப்பில் மாதா கோயில் மணி கேட்கும், மறு தலைப்பில் வாவி. ஓட்டுக்கூரை, பச்சை பூசிய மரச் சன்னல்கள், வாசலுக்கு மேலே வளைவு. சித்திரை வெயிலிலும் அந்தச் சுவர்களுக்கிடையே நடந்தால் உடம்பு குளிரும். பின்னேரத்தில் ஒரு வீட்டில் இறால் பொரியும், அடுத்த வீட்டில் பால்சொதி கொதிக்கும், அதற்கும் அடுத்ததில் யாராவது பிள்ளை ஆர்மோனியத்தைப் பாடாய்ப் படுத்தும். வாவிப் பக்கத் தலைப்பில் ஒரு கிணறு, இரண்டு அறை, கொடி கட்டிய வெளி. அது நாங்கள் இருந்த இடம். காணி உறுதி கிடையாது. ஒழுங்கைக்கு வெளுப்பதற்காக எந்தக் காலத்திலோ எங்களைக் குடியிருத்திய இடம். வெளுக்கும்வரை எங்களுடையது.

ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி உண்டு. சேங்கொட்டையில் ஊசியைக் குத்தி, அந்தக் கருப்பால் துணியின் மூலையில் அரிசிமணி அளவில் போடுவது. துணி இற்றுப்போனாலும் குறி போகாது. என் அப்பாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒழுங்கையின் வரலாறு முழுவதும் அந்தக் குறிகளில் இருந்தது. இங்கே வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். ஆகவே குறியும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். அக்காவும் தங்கையும் சண்டைபிடித்து முற்றத்துக்கு நடுவே மதில் கட்டியபோது, தங்கையின் குறிக்கு ஒரு புள்ளி கூடியது. மூன்றாவது வீட்டின் குறி சிலுவை. ஒரு காலத்தில் அங்கே பறங்கியர் இருந்தார்கள், தச்சு வேலைக்காரர். அவர்கள் அவுஸ்திரேலியாவுக்குப் போன பிறகு வீட்டை வாங்கியவர் வண்ணக்கர், சைவக் கோயில் நிர்வாகம் பார்ப்பவர். அவருடைய பூசை வேட்டியின் மூலையில் நாற்பது வருடமாகச் சிலுவை இருந்தது. அவருக்குத் தெரியாது. அப்பா சொல்லவுமில்லை.

ஒரு வீட்டை ஆமி எடுத்துக்கொண்டபோது அவர்களுடைய உடுப்பையும் அப்பாதான் வெளுத்தார். அதற்கு மட்டும் குறி வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அவங்க போயிருவாங்க மனே," என்றார். அதன் பிறகு பதினாறு வருடம் இருந்தார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தலில் மேற்கட்டித் துணி கட்டுவது வண்ணானின் உரிமை. அந்தத் துணிகள் அவனுடையவை அல்ல. அந்தக் கிழமை வெளுப்புக்கு வந்த மற்ற வீட்டுச் சேலைகள். செத்த வீட்டிலும் அப்படித்தான். பாடைக்கு முன்னால் நிலபாவாடை விரிப்போம். தூக்கிப் போகிறவர்கள் மிதித்து நடந்ததும் பின்னாலிருந்து அள்ளி ஓடிவந்து முன்னால் விரிப்போம். வீட்டில் ஒருவர் செத்தால் அடுத்த வீட்டு வேட்டிமேல்தான் நடந்து போனார்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒழுங்கைக்குள் நடக்கும்வரை அது தீட்டாகவும் இல்லை.

நாங்கள் முன்வாசலால் போவதில்லை. பேசத் தொடங்கிய குழந்தைகூட அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். நான் உயர்தரம் படிக்கத் தொடங்கியதும் சன்னல்களிலிருந்து பகிடி வந்தது. "என்னடா, சோப்ப விட்டுட்டுச் சோக்கட்டியப் புடிக்கப் போறியாம்?" "சேட்ட வெளுக்கிறவன் சேட்டப் போட்டுட்டுப் போறான், பாருங்க கா." நான் தலை குனிந்து நடப்பேன். சோதனையில் சித்தியடைந்து இவர்களுக்குப் பாடம் காட்டுவேன் என்று நினைத்துக்கொள்வேன். அப்படியெல்லாம் நினைக்கிற வயது.

ஒழுங்கையில் என்னை மனிதனாகப் பார்த்தது கிளாக்கர் வீடு ஒன்றுதான். வட்டம், அதன் கீழே இரண்டு புள்ளி: அது அவர்களின் குறி. கிளாக்கர் அரசாங்கக் கச்சேரியில் எழுத்து வேலை செய்தவர். அவர்களுக்கு ஒரே மகன். என்னைவிட ஒரு வயது குறைவு. பழைய சோதனைத் தாள்களை எனக்குத் தருவான். கிளாக்கரம்மா எனக்குப் பலகாரம் தருவாள், பின்வாசலில் வைத்துத்தான் என்றாலும் கையில் தருவாள், நிலத்தில் வைக்கமாட்டாள்.

சுனாமிக் கடல் வந்தது ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா தினம். வாவி எங்கள் கொடிக்கம்பு வரை ஏறி, வீட்டுக்குள் புகுந்து, இறங்கியது. ஒழுங்கைக்கு அவ்வளவுதான் சேதம். பாலத்துக்கு அப்பால், நாவலடியிலும் கல்லடியிலும் ஊரே இல்லை என்று ஓடி வந்தவர்கள் சொன்னார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் உழவு இயந்திரப் பெட்டிகளில் பிணங்கள் வரத் தொடங்கின. வைக்க இடம் போதாமல் ஒரு மண்டபத்தைத் திறந்தார்கள். எழுதத் தெரிந்த பொடியன்களைக் கூப்பிட்டார்கள். ஒரு அப்பியாசக் கொப்பியும் பேனையும் என் கையில் தந்தார்கள். இலக்கம், ஆணா பெண்ணா, வயது, உடம்பில் அடையாளம், உடுத்திருப்பது.

அலை அவர்களின் உடுப்பை உரித்திருந்தது. ஊர்ச்சனம் கிடைத்த துணியைக் கொண்டுவந்து மூடிக்கொண்டிருந்தது. மூடியதை நான் எழுதவில்லை. உடுத்திருந்ததை மட்டும் எழுதினேன். அப்பா வீட்டில் நனைந்த துணிகளோடு போராடிக்கொண்டிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

கதவுக்கு இடப்பக்கம் ஒரு ஆண். பதினேழு பதினெட்டு வயது. முகம் இல்லை. இடுப்பில் நீலக் கட்டம்போட்ட சாரம், ஒழுங்காகக் கட்டி, பக்கத்தில் முடிச்சுப் போட்டிருந்தது. கரையைத் திருப்பிப் பார்த்தேன். வட்டம், இரண்டு புள்ளி.

கிளாக்கரின் மகன் விடியக் கல்லடிக் கடற்கரைக்குப் பந்தடிக்கப் போனவன் வீடு திரும்பவில்லை என்று அதற்கு முன்னமே ஒழுங்கை அழத் தொடங்கியிருந்தது. நான் பேனையால் அவனுடைய பெயரை எழுதினேன். முழுப் பெயர், தகப்பன் பெயர், வீட்டு விலாசம். அந்தக் கொப்பியில் பெயருடன் இருந்த முதல் வரி அது. எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், திருப்திதான்.

கிளாக்கர் வந்தார். சாரத்தைப் பார்த்தார். நான் குறியைக் காட்டினேன். கொப்பியை வாங்கி வாசித்தார்.

"வலது முழங்காலுக்குக் கீழ தழும்பு எண்டு போட்டிருக்கிறாய். அவனுக்குத் தழும்பு இல்லயே."

"அடிபட்டிருக்கும் ஐயா. குறி பிழைக்காது."

அவர் கொப்பியை மூடித் திருப்பித் தந்தார். "ஓம்," என்றார்.

பின்னேரமே அடக்கம். முற்றத்தில் பெயருக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் புது வேட்டி கட்டினார்கள். பிணத்திலிருந்து கழற்றிய துணி வண்ணானுக்குச் சேரவேண்டும். சாரத்தைச் சுருட்டி அப்பாவிடம் எறிந்தார்கள். அவர் அதை விரித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து நிலபாவாடையை விரிக்கத் தொடங்கினார். ஒழுங்கை முழுவதும் விரித்தார், அள்ளினார், விரித்தார். கிளாக்கரம்மா வாசலில் விழுந்து கிடந்தாள்.

அடுத்த நாள் காலை கிணற்றடியில் அப்பா சொன்னார்.

"அது நான் உடுத்திவிட்டது."

"எது?"

"சாரம். வெளுத்து மடிச்சு வைச்ச மூட்டை ரெண்டையும் மண்டபத்துக்குக் கொண்டு போனன். அம்மணமாக் கிடந்துதுகள், என்ன செய்ய? கதவடியில கிடந்த பொடியனுக்கு நான்தான் கட்டிவிட்டன். மறுகா இன்னொரு மூட்டை எடுக்க வீட்ட வந்தன். அந்த நேரம் நீ எழுதியிருக்கிறாய்."

உயிருள்ளவனுக்குக் கட்டுவதுபோல முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார். அவருக்கு வேறு விதமாகக் கட்டத் தெரியாது.

"போய்ச் சொல்லுவம்," என்றேன்.

"என்னெண்டு? உங்கட சாரத்த ஊர்பேர் தெரியாத பிணத்துக்குக் கட்டினன், அத உங்கட மகனெண்டு என்ட மகன் எழுதினான், நீங்க அடக்கிட்டீங்க எண்டா?"

அம்மா வாளியை வைத்துவிட்டு வந்தாள். "அந்த மனிசிக்கு அழுறத்துக்கு ஒரு உடம்பாவது கிடைச்சுது. நாவலடியில எத்தின பேருக்கு அதுவும் இல்ல. பொடியன் கடலுக்குப் போனவன்தானே? வருவானா இனி? வாயப் பொத்து."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இன்னொன்றையும் நான் நினைத்தேன்: தங்கள் சேலைகள் எங்கே போயின என்று தெரிந்தால் ஒழுங்கை எங்களை வைத்திருக்காது. துணிகளை வாவி அள்ளிக்கொண்டு போய்விட்டது என்று அப்பா வீடு வீடாகப் போய்ச் சொன்னார். உயிர் போனவர்கள் இத்தனை ஆயிரம் பேர் இருக்க, ஒரு வீட்டம்மா பட்டுச் சேலைக்காக அவரை ஒரு மணித்தியாலம் நிற்கவைத்து ஏசினாள்.

ஒரு கிழமை கழித்து நாவலடியிலிருந்து ஒரு மீன்காரர் மண்டபத்துக்கு வந்தார். மகனைத் தேடினார். "வலது முழங்காலுக்குக் கீழ தோணிக் கம்பு குத்தின தழும்பு தம்பி. கொப்பியில பாருங்க." கொப்பியைப் புரட்டினேன். அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே, "அப்படி ஒருத்தரும் இல்ல," என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவரைப் பிறகு நான் தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை.

அதன் பின் கிளாக்கரம்மா என்னிடம் காட்டிய அன்பு முன்னையதைவிடக் கூடியது. அவளுடைய மகனைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான். மகனின் சேட்டுகளை எனக்குத் தந்தாள். அளவு சரியாக இருந்தது. அவற்றைப் போட்டுக்கொண்டுதான் செங்கலடி பஸ்ஸில் கம்பஸுக்குப் போனேன். ஒவ்வொரு திவசத்துக்கும் சோறு கொடுத்துவிடுவாள். இரண்டாம் வருடம் கிளாக்கர் நெஞ்சு வலித்துச் செத்தார். மகனுக்குப் பக்கத்தில் அடக்கினார்கள். அதாவது, நாவலடிப் பொடியனுக்குப் பக்கத்தில்.

அந்த நாட்களில் பிள்ளைகளை இயக்கம் கொண்டுபோன தாய்மார் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போய் முகாம் வாசல்களில் கிடந்தார்கள். கத்தினார்கள், மண் அள்ளி எறிந்தார்கள். சிலர் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பியும் வந்தார்கள். கிளாக்கரம்மா எனக்குத் தேநீர் தந்தபடி சொன்னாள்:

"பாவங்கள். எனக்கு அந்த அலைச்சல் இல்ல மனே. என்ட பிள்ள எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியும்."

தேநீரைக் குடித்து முடித்தேன்.

யுத்தம் முடிந்த வருடத்தின் கடைசியில் ஒரு இளைஞன் ஒழுங்கைக்கு வந்தான். தடுப்பு முகாமிலிருந்து விடப்பட்டவன், ஒரு கை இல்லை. கிளாக்கர் வீடு எது என்று என்னிடம்தான் விசாரித்தான். கூட்டிப்போனேன். அவளுடைய மகனுடன் வன்னியில் இருந்ததாகச் சொன்னான்.

"நீ வேற ஆரையோ சொல்றாய் தம்பி. என்ட மகன் கடல்ல போயிட்டான். அடக்கியாச்சு."

"அவன் கடலுக்குப் போகல்லம்மா. முதல் நாளே இயக்கத்து ஆக்கள் ரெண்டு பேர் கதைச்சு வைச்சிருந்தாங்க. விடியப் படுவான்கரைக்கு வந்திட்டான். ரெண்டு கிழமையில வீட்ட போகணுமெண்டு அழுதான், விடல்ல. படுவான்கரையில ரெண்டு வருசம், மறுகா வன்னிக்குக் கொண்டு போனாங்க." அவன் சுவரைப் பார்த்தான். "இந்த மணிக்கூட்டுக்குள்ளதானே அவன்ட அப்பா சுருட்டு ஒளிச்சு வைப்பார்?"

கிளாக்கரம்மா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசிச் சண்டையில கால்ல காயம். நான் கடைசியாக் காணக்க உயிரோடதான் இருந்தான். அதுக்குப் பிறகு தெரியா." போக எழுந்தவன், வாசலில் நின்று, கேட்காமல் இருக்க முடியாதவன்போலக் கேட்டான். "படுவான்கரையில இருக்கக்க எல்லாரிட அம்மாமாரும் வாசலுக்கு வந்தாங்க. நீங்க ஏம்மா வரல்ல? அவன் ஒவ்வொரு நாளும் போய்ப் பாத்துட்டு நிப்பான்."

காணாமல் போனவர்களைப் பதியும் இடத்துக்கு அவள் அடுத்த நாளே போனாள். உங்கள் மகனுக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். செத்தவர் சாகவில்லை என்று முதலில் நிரூபிக்க வேண்டும், அதன் பிறகுதான் அவர் காணாமல் போகலாம்.

அவள் ஒழுங்கையின் வாவிப் பக்கத் தலைப்புக்கு வந்தது அன்றுதான் முதல்முறை. கிணற்றுக் கட்டில் கை வைத்தபடி அப்பாவிடம் கேட்டாள்.

"அண்டைக்குக் கழற்றின துணிய நீதானே வாங்கினாய். அது என்ட பிள்ளையா?"

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா, "அதுக்கென்ன இப்ப, அம்மா, தண்ணி குடிங்க," என்றாள்.

அது அவன் இல்லை என்று நான் சொன்னேன். சாரத்தையும் மூட்டையையும் தழும்பையும் சொன்னேன். நான் நினைத்திருந்த அளவு நேரம் எடுக்கவில்லை. அவ்வளவு பெரிய விஷயம் ஆறேழு வசனத்தில் முடிந்தது.

"எப்ப தெரியும்?"

"அடக்கின அடுத்த நாள்."

அவள் அழவில்லை. நான் போட்டிருந்த சேட்டைப் பார்த்தாள். பழைய சேட்டு, கொலர் தேய்ந்தது.

"அப்ப அஞ்சு வருசமா என்ட கையால வாங்கித் திண்டிருக்கிறாய்," என்றாள். "கழற்று."

கழற்றிக் கொடுத்தேன். அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப எழுது. எழுதத் தெரிஞ்சவன் நீதானே."

வெறும் மேலோடு படியில் குந்தியிருந்து, நடந்ததைக் கடிதமாக எழுதினேன். என் கையெழுத்து, கீழே அப்பாவின் பெருவிரல் அடையாளம். அப்பாவின் பெருவிரல் வழுக்கி, மை தாளில் இழுபட்டது. இன்னொரு தாளில் திரும்ப எழுதச் சொன்னாள்.

கடிதத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டு நாளில் ஒழுங்கைக்குத் தெரிந்துவிட்டது. வண்ணக்கர் வீட்டு வாசல் வளைவுக்குக் கீழே கூடி அப்பாவைக் கூப்பிட்டார்கள். அடக்கிய நாவலடிப் பொடியனைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. "எங்கட பொம்புளைகளிட சேலைய நாவலடிப் பிணத்துக்குப் போர்த்திட்டு, வாவி கொண்டு போனதெண்டு கதை விட்டிருக்கிறான் கிழவன்," என்றார் வண்ணக்கர். பிறகு மலர்க் குழுத் தலைவராக வந்தவரும் அவர்தான். "மூட்டைய அவிட்டு எங்கட உடுப்பெல்லாத்தையும் திருப்பித் தா." ஈரத் துணியைக்கூட அள்ளிக்கொண்டு போனார்கள். தை மாதத்துக்குள் நாங்கள் பாலத்துக்கு அப்பால் வாடகை அறைக்கு வந்துவிட்டோம். எங்கள் கிணற்றைச் சுற்றி இப்போது சீமெந்து இருக்கைகள். மலரில் அதை "வாவிக்கரையோரத்துப் பழமையான கிணறு" என்று எழுதினேன். அந்த வரி நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

கடிதம் மட்டும் போதாது, எழுதியவர் நேரில் வரவேண்டும் என்று ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரிலும் சொல்கிறார்கள். அதனால் மாதத்தில் ஒருநாள், சில மாதம் இரண்டு நாள், நான் அவளோடு போகிறேன். படிப்பிக்கும் வேலைக்கு லீவு போடுவேன். அவள் மகனின் படத்தை நெஞ்சோடு வைத்திருப்பாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து, "இவர் ஆர்? உங்கட மகனா?" என்று கேட்பார்.

"இல்ல," என்பாள், விலாசம் சொல்வதுபோல. "இவன்தான் என்ட மகனச் சாகடிச்சவன்."

நான் கொப்பியில் எழுதியதிலிருந்து தொடங்கிச் சொல்வேன். அவர்கள் எழுதிக்கொள்வார்கள். அடுத்த முறை வேறொருவர் இருப்பார். திரும்பவும் தொடங்குவேன்.

போன மாதம் வவுனியாவுக்குப் போனோம். விடிய பஸ் ஏறினோம், சனம் இல்லை. அவள் யன்னல் பக்கம் இருந்தாள். நான் பக்கத்தில் இருக்கக் குனிந்தபோது தன் பையைத் தூக்கி அந்தச் சீற்றில் வைத்தாள். பின்னுக்கும் சீற்றுகள் வெறுமையாகத்தான் இருந்தன.

"நில்லு," என்றாள்.

செங்கலடி தாண்டியது. கொண்டக்டர் வந்து, "இருங்களன் தம்பி, இடம் இருக்குத்தானே," என்றார். பரவாயில்லை என்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு வவுனியா வரை நின்றே போனேன்.